இருநூற்றுப் பன்னிரண்டு சரி

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், குறிப்பாகத் தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு மேற்கே வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: தாராவி தென்பொதிகைத் தமிழர் நலச் சங்கத்தின் இணையச் செயலியில், ஏப்ரல் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி முதல், அறிவிப்புகள் தாமாகவே திரையில் எழுந்தருளும். உறுப்பினர்கள் அறிவிப்பைத் தேடி அலைந்த இருண்ட காலம் முடிந்தது. அறிவிப்பு உறுப்பினர்களைத் தேடி வரும் பொற்காலம் பிறந்தது.

இந்த வாசகம் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் பேனரில் அச்சாகி, சங்கக் கட்டடத்தின் முகப்பை மறைத்துத் தொங்கியது. கட்டடம் என்பது சங்கம் சொல்லிக்கொள்வது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பேனரில் கைகூப்பி நின்ற சங்கத் தலைவர் கணேசபாண்டியன் நிஜத்தில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு உயரமாக இருந்தார். அவர் காலடியில், தபால்தலை அளவில், இந்தப் பொற்காலத்தை உட்கார்ந்து தட்டிச் செய்து முடித்த மாரீஸ்வரனின் படம். படத்துக்குக் கீழே, 'தமிழ் வளர்ச்சிச் செயலாளர்'.

மாரீஸ்வரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பேசுவான். திட்டுவதற்கும் கெஞ்சுவதற்கும் தெக்கத்தித் தமிழ்தான் வாயில் வரும். ஆனால் படித்தது இங்கிலீஷ் மீடியம். இரண்டாவதாக இந்தி, மூன்றாவதாக மராத்தி. நாலாவதாக ஒரு மொழிக்கு அந்தப் பள்ளியில் பீரியட் இல்லை. ஊருக்குப் போனால் பஸ் போர்டில் ஒரு வார்த்தையை எழுத்துக் கூட்டிப் பிடித்துவிடுவான், பஸ் நின்றுகொண்டிருந்தால். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. தமிழனிடம் போய்த் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் முன்பு பொங்கல் விழாவில் மாரீஸ்வரன் நன்றியுரை வாசித்தபோது, பக்கத்தில் நின்ற கணேசபாண்டியன் அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். தமிழ் முழுவதும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. அடுத்த மாதமே அவனைத் தமிழ் வளர்ச்சிச் செயலாளர் ஆக்கினார். அண்ணாச்சிக்குத் தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று மாரீஸ்வரன் நெகிழ்ந்துபோனான்.

இனி கீழ் அறை. அங்கே அவன் மனைவி பிரேமலதா ஒன்பது தையல் மெஷின் போட்டு வகுப்பு நடத்தினாள். சங்கரன்கோவிலில் தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஆறு வருடம் முன்பு கல்யாணமாகித் தாராவிக்கு வந்து, பட்டம் இங்கே எதற்கும் ஆகாது என்று ஒரு வாரத்தில் கண்டுகொண்டு தையலுக்கு மாறியவள். பதினாலு பெண்கள் கற்றுக்கொண்டே ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுத்தார்கள். அந்த அறை சங்கத்துடையது. அது போனால், தாராவியில் ஒன்பது மெஷினை வைக்க வேறு இடம் கிடையாது. ஒரு மெஷின் வைக்க இடம் இருப்பவன் அதில் நாலு பேரைக் குடிவைத்திருப்பான்.

போன ஆகஸ்டில் கணேசபாண்டியன் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, சங்கத்துக்கு ஒரு வெப்சைட்டு செஞ்சு குடு. கூலி கீலின்னு பேசப்படாது, சேவை. அந்த ரூமு இன்னும் பத்து வருசத்துக்கு நம்ம பிரேமாவுக்குத்தான். ரூம எவனாவது தொட்டான்னா என்னைய கேளு."

மாரீஸ்வரன் செம்பூரில் ஓர் இணையதளக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வாரம் ஐந்து நாள் அங்கே. சனிக்கிழமைகளை எட்டு மாதம் அண்ணாச்சிக்குக் கொடுத்தான். உறுப்பினர் பட்டியல், படங்கள், அதோடு முக்கியமாக மே மாத பஸ். லீவில் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் திறந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும் என்பதால், சங்கம் வருடா வருடம் ஏழு பஸ் விடும். அந்த சீட்டுக்காகச் சங்க வாசலில் விடியற்காலையிலேயே செருப்பைப் போட்டு வரிசை பிடித்த காலம் ஒன்று உண்டு. இனி எல்லாம் செயலியில். வேலை முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தபோது அண்ணாச்சிக்குப் பாப்-அப் ஆசை வந்தது.

அவன் மாதிரி ஒன்று செய்து காட்டினான். திரையின் கீழ் மூலையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்று மெல்ல எழும்பி, 'வணக்கம்' என்று சொல்லி, நாலு விநாடியில் மறைந்தது.

"எங்க போச்சு?" என்றார் அண்ணாச்சி.

"தானா போயிரும் அண்ணாச்சி. மத்லப், அதாவது ஆளுக வேலைய கெடுக்கக்கூடாதுல்லா."

"தானா போறதுக்கு எதுக்குடே வரணும்? நம்ம சங்கத்துல பதவிக்கு வந்தவன் எவனாவது தானா போயிருக்கானா? நடுவுல நிக்கணும். சரின்னு அமுக்குனாத்தான் போகணும்."

அப்படியே செய்தான்.

"மூலையில என்னமோ பெருக்கல் குறி போட்டிருக்கியே, அது என்னத்துக்கு?"

"வேணாம்னா மூடிக்கிடலாம்."

"தலைவர் பேசும்போது எழுந்து போற கத. அத எடு."

எடுத்தான்.

"யார் யாரு அமுக்குனா, எத்தன மணிக்கு அமுக்குனான்னு நமக்குத் தெரியுமா?"

அது மாரீஸ்வரனுக்குப் பிடித்த கேள்வி. இரண்டு மணி நேரத்தில் செய்து காட்டினான். பெயர், உறுப்பினர் எண், நிமிடம், விநாடி. ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் அச்சுக்கே வந்துவிடும். அண்ணாச்சி ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார். "ஏக்தம் பக்கா" என்றார். அண்ணாச்சி இந்தியில் பாராட்டுவது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் அறிவிப்பின் வாசகம் வந்தது. அவர் தம் ஃபோனிலிருந்து அவனுக்கு அனுப்பிவிட்டு, மேடைக் குரலை எடுத்துக்கொண்டு, திரையில் விரலை ஓட்டியபடி தாமே வாசித்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. வெள்ளம்போல் திரண்டு வரும் உங்களைச் சங்கத்தின் இணையவாசல் இருகரம் கூப்பி வரவேற்கிறது. இப்பயணம் இனிதாகுக. எப்பிடி?"

"சூப்பர் அண்ணாச்சி."

"நான் வாசிச்சா ஆச்சா? நீயில்லா செயலாளர். ஒரு தடவ வாசிச்சுப் பாரு. எழுத்துப் பிழ இருந்தா மாட்டுங்காவுல இருக்க படிச்ச தமிழன்லாம் சிரிப்பான்."

மாரீஸ்வரன் ஃபோனை வாங்கினான். வாசிக்கத் தெரிந்தவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வானோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்தான். நடுவில் ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்கினான்; அது அவனாகச் சேர்த்துக்கொண்ட நயம். மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கலாம்தான். போன மாதம் அண்ணாச்சியின் உரை ஒன்றைப் போட்டுப் பார்த்ததில், 'ஓ ஊறிய பெரியவர்களே' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் தொடங்கியது. அதோடு விட்டுவிட்டான். அதுவுமில்லாமல் எழுதியவரே வாசித்துக் காட்டிய பிறகு எதற்கு?

"சரியா இருக்கு" என்றான்.

அண்ணாச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ சொன்னார். மாரீஸ்வரன் வாசகத்தைப் பெட்டிக்குள் ஒட்டி, வேலை செய்கிறதா என்று தன் உறுப்பினர் எண்ணிலேயே நுழைந்து ஒரு முறை 'சரி'யை அமுக்கிப் பார்த்தான். செய்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. சங்கத்தின் கௌரவ ஆலோசகர், மாட்டுங்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வேங்கடசுப்ரமணியன், பொன்னாடையோடு ஒரு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். தொண்ணூறடிச் சாலைக்கு மேற்கே இருநூற்றுக்கு மேற்பட்ட ஃபோன்களில் பஸ் சீட்டுக்கு முன்னால் ஒரு பெட்டி எழும்பி நின்றது. பின்னால் மங்கலாக ஜன்னலோர சீட்டுகள் தெரிந்தன. யார் படிப்பார்கள்? பதினோரு நிமிடத்தில் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு 'சரி'.

மாரீஸ்வரன் பெருமை தாங்காமல் கீழே அறைக்கு ஓடினான். அவசரச் சீருடை ஆர்டர் என்பதால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரேமலதா வெட்டுமேஜைப் பக்கம் நின்றபடி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டு போட்டியா? ஏழாவது பஸ்ஸு மட்டுந்தான் பாக்கி இருக்கு."

"இத வாசிங்க" என்று ஃபோனை நீட்டினாள். பெட்டி அப்படியே நின்றது. அவள் அமுக்கவில்லை.

பார்த்தான். "வாசிச்சேன். நாந்தான போட்டேன்."

"சத்தமா வாசிங்க."

"என்ன, விளையாடுதியா? வெல்கம் மெசேஜு. இருகரம் கூப்பி வரவேற்கிறது."

"அதுல இருகரம் எங்க இருக்கு? விரல வச்சுக் காட்டுங்க."

ஒரு மெஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று. மாரீஸ்வரன் விரலைத் தூக்கினான். வைக்க இடம் தெரியாமல் அது அந்தரத்திலேயே நின்றது. பிரேமலதா ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, மற்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"சங்கத்தின் கீழ்த்தள அறையைத் தையல் வகுப்பிடமிருந்து திரும்பப் பெற்று, திரு. மகேஷ்குமார் அவர்களின் கைபேசி விற்பனை நிலையத்துக்கு வழங்குவதற்கு என் முழுமனதான சம்மதத்தை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். சரி."

மகேஷ்குமார், தலைவரின் மச்சினன்.

"அண்ணாச்சி வாசிச்சுக் காட்டுனாரு" என்றான் மாரீஸ்வரன். "சாமி சத்தியமா வேற என்னமோதான் வாசிச்சாரு."

"அவரு வாசிச்சாரு. நீங்க வாசிக்கலையா?"

இரண்டு பதில்கள்தான் இருந்தன. வாசித்தேன் என்றால் துரோகி. வாசிக்கத் தெரியாது என்றால் ஆறு வருடமாகப் பொய்யன். எதைச் சொல்லலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நமக்குப் பேசி முடிச்ச பொறவு, நாலு மாசம் நான் உங்களுக்கு ஃபோன்ல எழுதுனேனே. பக்கம் பக்கமா. அது?"

"எல்லாத்துக்கும் ஹார்ட்டு போட்டேன்லா."

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடக்காகன்னு எழுதுனதுக்கும் ஹார்ட்டுதான் போட்டிய. நான் அத வச்சு எங்கம்மாட்ட, இவிய அதிகம் பேசமாட்டாவ, ஆனா ஆழமான மனுசன்னு சொன்னேன்."

ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மெஷின்கள் மறுபடி ஓடவில்லை.

அவன் ஏணி ஏறினான். கணேசபாண்டியன் பொன்னாடைகளை மடித்துவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த விழாவுக்கும் அவைதான்.

"என்ன அண்ணாச்சி இது?"

"எது?"

"ரூமு பிரேமாவுக்குத்தான்னு சொன்னிய. நீங்க வாசிச்சது ஒண்ணு, அதுல இருக்கது ஒண்ணு."

"நான் வாசிச்சது வாழ்த்து. எழுதுனது தீர்மானம். எதையாவது ஒளிச்சனா? உன் கையிலதான தந்தேன். வாசிச்சுப் பாருன்னேன். நீயும் பாத்த. சரியா இருக்குன்ன." அவர் குரலில் கோபமே இல்லை. "பட்டியல எடுத்துப் பாரு. மொத சம்மதம் யாரோடதுன்னு. வெள்ளிக்கிழம, ஏழு மணி பன்னெண்டு நிமிசம். உன்னோடதுதான்."

"அது டெஸ்டிங் அண்ணாச்சி."

"அப்பிடின்னு அதுல எழுதலையே."

"நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

"சொல்லு. என்னன்னு சொல்லுவ? தமிழ் வளர்ச்சிச் செயலாளருக்குத் தமிழ் தெரியாதுன்னா? மைக் செட்டு நான் போட்டுத் தாரேன் தம்பி."

மாரீஸ்வரன் இறங்கினான். தாராவியின் இரும்பு ஏணிகளில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்க முடியும். அது அன்று உதவியாக இருந்தது.

பட்டியலை அழித்துவிடலாமா என்று யோசித்தான். அண்ணாச்சி ஏற்கெனவே மூன்று பிரதி எடுத்து ஒன்றுக்குக் கண்ணாடிச் சட்டமும் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் அறிவிப்புப் பெட்டியின் சாவி இன்னும் இவன் கையில் இருந்தது. புதன்கிழமை காலை, மூன்று நாளாகச் சோற்றை மட்டும் பேசாமல் வைத்துக்கொண்டிருந்த பிரேமலதாவின் எதிரே லேப்டாப்பைத் திறந்துவைத்தான்.

"நீ எழுதித் தா. எல்லாருக்கும் போடுதேன்."

எழுதினாள். நாலு வரி. அவன் அதை ஒட்டிவிட்டு, "என்ன எழுதியிருக்க?" என்று கேட்டான்.

"அமுக்குங்க" என்றாள். "அவரு குடுத்தத அமுக்குனிய. நான் குடுத்தத அமுக்க மாட்டியளா?"

அமுக்கினான். செம்பூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே, அந்த நாலு வரியில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கலாமா என்று ஃபோனை நாலு தடவை எடுத்தான். நாலு தடவையும் பையில் போட்டான். எட்டு மாதத்தில் அவன் செய்த கடினமான வேலை அதுதான்.

அதில் இருந்தது இவ்வளவே. 'போன ஞாயிறு நீங்கள் அமுக்கிய சரி, தையல் அறையை மகேஷ்குமாருக்குக் கொடுப்பதற்கான சரி. நீங்கள் படிக்கவில்லை. செய்தவரும் படிக்கவில்லை. வருகிற ஞாயிறு பத்து மணிக்குச் சங்கத்துக்கு நேரில் வாருங்கள்.' இதன் கீழே சரி என்ற பொத்தானோடு, மூலையில் ஒரு பெருக்கல் குறியும் இருந்தது. அதை மாரீஸ்வரன் தானாகச் சேர்த்திருந்தான்.

சேதி வாய்வழியாகவும் பரவி, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கீழ் அறைக்குள் அடங்காமல் சந்து வரை நின்றது. கணேசபாண்டியன் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு சம்மதம், விநாடி சுத்தமாக. ஜனநாயகம் என்ற சொல்லை ஏழு முறை சொன்னார். பிறகு மைக்கை மாரீஸ்வரனிடம் நீட்டினார்.

"இத போட்டது நம்ம செயலாளர்தான். அவரே சொல்லட்டும். படிச்சுட்டுத்தான போட்டிய தம்பி?"

மைக் கையில் கனத்தது. எதிரே தையல்காரப் பெண்களுக்கு நடுவில் பிரேமலதா நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்றான் மாரீஸ்வரன். "எழுத்துக் கூட்டக்கூட ஒழுங்கா வராது. அண்ணாச்சிக்கு அது தெரியும். அதான் பதவி தந்தாரு. அவரு வாசிச்சது வரவேற்பு. எழுதித் தந்தது இது. நான் படிச்ச மாதிரி நின்னேன். என் பொஞ்சாதிட்டயும் ஆறு வருசமா அப்பிடித்தான் நின்னுட்டேன்."

சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு. பின்வரிசையில் ஆட்டோ ஓட்டும் வேல்ராஜ் எழுந்தான்.

"சிரிக்கிற ஆளுகள்ல எத்தன பேருக்கு வருமாம்? எனக்கு வராது. என் தம்பிக்கு வராது. அந்த டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. பஸ் சீட்டு வேணும், அமுக்குனேன். படிக்கத் தெரிஞ்சவன் கைய தூக்குங்கடே பாப்போம்."

தூக்கிய கைகள் பெரும்பாலும் நரைத்த தலைகளுக்கு மேலேதான் இருந்தன. அவர்களிலும் கண்ணாடி கொண்டுவராதவர்கள் பாதி. சிரிப்பு அடங்கியது. அது அடங்கிய விதம் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"மச்சினனுக்கு ரூமு வேணும்னா மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கணும் அண்ணாச்சி" என்றது ஒரு குரல். "ஊருக்குப் போற சீட்டுக்குள்ள ஒளிச்சுவச்சா கேப்பீரு?" என்றது இன்னொன்று.

நேரடியாகக் கை தூக்கி வாக்கெடுப்பு என்று கூட்டமே முடிவுசெய்தது. அறை தையல் வகுப்புக்கே என்று நூற்று முப்பத்தொன்று. மகேஷ்குமாருக்கு என்று ஆறு; அதில் ஒன்று மகேஷ்குமார். கணேசபாண்டியன் பட்டியலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சியை அந்தச் சந்து அவ்வளவு குள்ளமாகப் பார்த்ததில்லை. தையல்காரப் பெண்களில் ஒருத்தி அழுதாள். பிரேமலதா எட்டு நாளில் முதல்முறையாக மாரீஸ்வரனை நிமிர்ந்து பார்த்தாள். அது மன்னிப்பு இல்லை, ஆனால் பார்வைதான்.

அப்போது ஆலோசகர் வேங்கடசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் பெட்டி வந்திருந்தது. நேரில் வா என்றால் வருகிற தலைமுறை.

"எல்லாரும் நன்னாப் பேசினேள். சந்தோஷம். ஆனா சங்கத்துக்கு பைலாஸ்னு ஒண்ணு இருக்கே, அதை யாராவது பாத்தேளா? ரெஜிஸ்டர் பண்றச்சே நான்தான் உக்காந்து எழுதிக் கொடுத்தேன். காப்பி கொண்டுவந்திருக்கேன். பதினாலாவது விதி."

ரப்பர் வளையம் போட்ட பழுப்பு நிற விதிமுறைப் புத்தகம் கை மாறிக் கை மாறிப் பிரேமலதாவிடம் வந்தது. அவள் பக்கத்தைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"சங்கத்தின் அறைகளை எவருக்கும் வழங்கவும், திரும்பப் பெறவும் தலைவருக்கு முழு அதிகாரம் உண்டு. இதற்கு உறுப்பினர்களின் சம்மதம் தேவையில்லை."

"இன்னொருக்க வாசிம்மா" என்றார் கணேசபாண்டியன். அவரும் அந்தப் புத்தகத்தைத் திறந்ததில்லை.

இன்னொருமுறை வாசித்தாள். வாசகம் மாறவில்லை. தலைவர் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அறை திங்கட்கிழமை மகேஷ்குமாருக்குப் போயிற்று.